பாடும் மீனும் பந்தி இலையும்

மட்டக்களப்புக்கு விருந்தினர் எவர் வந்தாலும் நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் கல்லடிப் பாலம். 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அந்தப் பழைய இரும்புப் பாலத்தின் மேல் நின்று, கீழே விரிந்து கிடக்கும் வாவியைச் சுட்டி, “இங்கேதான் மீன் பாடும்” என்று பெருமையோடு சொல்லுவோம். பூரணை இரவிலே தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீருள் இறக்கி மறுநுனியைக் காதோடு சேர்த்து வைத்து அவ்விசையைக் கேட்ட முதியோர் கதையைச் சொல்லுவோம். 1950களில் இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகள் அவ்வொலியைப் பதிவு செய்த வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுவோம். பாடுவது மீனே அன்று, நீரடியிற் கிடக்கும் ஊரி என்று சொல்வாரும் உளர். மீனோ ஊரியோ, அப்பாட்டைப் புகழ்ந்த கையோடு விருந்தினரை வீட்டுக்கு அழைத்துச் சென்று, அதே வாவியின் மீனைக் குழம்பாக்கி இலையிலே படைப்பதும் நமது ஊர் வழக்கம். பாட்டையும் புகழ்கின்றோம், பாடகனையும் புசிக்கின்றோம்!

இம்முரணைச் சுட்டி நண்பர்களைக் கேலி செய்வதில் நமக்கு நெடுநாளாக ஒரு சிறு இன்பம் இருந்து வந்தது. ஏனெனில் நாம் மச்சம் உண்ணாத குடும்பத்திற் பிறந்தவர். பிறந்த நாள் தொட்டு மரக்கறி உணவே நமது உணவு. அதற்காக நாம் எந்தத் துன்பமும் பட்டதில்லை, எதையும் துறந்ததுமில்லை. ஆயினும் பெரியதொரு தவத்தைச் செய்தவர் போன்ற ஓர் எண்ணம் உள்ளத்தின் ஒரு மூலையிலே குந்தியிருந்தது. அந்த எண்ணம் எவ்வாறு கலைந்தது என்பதைச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தோம்.

நமது கல்லூரியின் இந்து மன்றம் ஆண்டுதோறும் சிறப்புச் சொற்பொழிவுகள் சிலவற்றை ஒழுங்கு செய்வதுண்டு. மன்றத்தின் பொறுப்பாசிரியர் என்ற முறையிலே பேச்சாளரைத் தேடுவதும், தலைமை வகிப்பதும், ஈற்றிலே நன்றி கூறுவதும் நம் பணி. சென்ற ஆண்டில் மாணவரே இரண்டு பொருள்களைத் தெரிந்தெடுத்தனர். ஒன்று மரக்கறி உணவு. மற்றது விலங்குகளின் உரிமை. இரண்டும் ஒன்றே அன்றோ என்று நாம் அப்பொழுது எண்ணினோம்.

முதற் சொற்பொழிவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நல்ல படிப்பாளி, குரலும் இனிய குரல். திருக்குறளிலே புலால் மறுத்தல், கொல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் எடுத்து விளக்கினார். வாங்கி உண்பார் இல்லையாயின் கொன்று விற்பாரும் இல்லை என்னும் வள்ளுவர் கருத்தை வணிக நூலாரும் மறுக்க இயலாது என்றார். வடலூரிலே 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கிய வரலாற்றைச் சொன்னார். நமது நாட்டு நாவலர் பெருமான் தம் நாலாம் பாலபாடத்திலே கொலைக்கும் புலாலுண்ணலுக்கும் தனித்தனியே பாடம் வகுத்ததை நினைவூட்டினார். தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக 1888இல் இலண்டன் மாநகரிலே பசியோடு திரிந்த இளைஞர் காந்தி, ஒரு மரக்கறி உணவகத்திலே ஹென்றி சால்ட் என்பார் எழுதிய சிறு நூலை விலைக்கு வாங்கிப் படித்து, அதுகாறும் வாக்குக்காக மேற்கொண்ட நோன்பை அன்று முதல் கொள்கையாகவே ஏற்றுக்கொண்ட செய்தியை அவர் சொன்னபோது மண்டபத்திலே ஊசி விழுந்தாலும் கேட்கும்.

இவ்வளவோடு அவர் நிறுத்தியிருக்கலாம். பேச்சின் முடிவிலே, “இன்று முதல் மீனும் இறைச்சியும் உண்ணமாட்டோம் என்பவர் கையை உயர்த்துங்கள்” என்றார். மண்டபம் முழுவதும் கைகள் எழுந்தன. அவற்றுட் பாதிக் கைகள் அன்று மாலையே மீன் குழம்பிலே தோயும் என்பது நமக்குத் தெரியும், பேச்சாளருக்குத்தான் தெரியாது. மூன்றாம் வரிசையிலே ஒருவன் மட்டும் கையை மடியில் வைத்தபடி இருந்தான். உயர்தர வகுப்பிலே நம்மிடம் படிக்கும் மாணவன். வாவிக்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவன், அதிகம் பேசாதவன்.

“ஏன் தம்பி, உமக்கு விருப்பமில்லையா?” என்று பெரியவர் கேட்டார்.

அவன் எழுந்து நின்றான். “எங்கட அப்பா வாவியில வலை வீசித்தான் என்னைப் படிப்பிக்கிறார், ஐயா. இங்க கையை உயர்த்திப்போட்டு, வீட்ட போய் அவர் உழைச்ச சோத்தைத் தின்ன எனக்கு ஏலாது” என்றான்.

பெரியவர் புன்னகையோடு, “பாவத்தொழில் என்று அறிந்தபின் அதை விடுவதுதானே அறிவு?” என்றார். பின்வரிசையிலே யாரோ சிரித்தார்கள். சிரிப்புப் பரவியது. அவன் தலை குனிந்து அமர்ந்தான்.

தலைமைப் பீடத்திலே இருந்தவர் நாம். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விருந்தினர் மனம் கோணக் கூடாதே என்ற மரியாதை ஒருபுறம். அவர் சொன்னதில் நமக்கும் உடன்பாடு இருந்தமை மறுபுறம். எழுந்து நன்றி கூறினோம், மாலையிட்டோம், பாலும் பழமும் கொடுத்து வழியனுப்பினோம்.

மறுநாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் கழிந்தது. “அவன் இனி வரமாட்டானாம், சேர். அப்பாவோட தோணியில போறானாம்” என்று நண்பன் ஒருவன் சொன்னான். பரீட்சைக்கு ஏழு மாதங்களே இருந்தன. நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளை. சீவகாருண்யம் பேச வைத்து ஒரு பிள்ளையின் படிப்பைக் கொன்றோமோ என்ற கேள்வி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

அன்றிரவு திருக்குறளைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். பலமுறை வகுப்பிலே படிப்பித்தும் கவனியாதிருந்த ஒன்று அப்பொழுது கண்ணிற் பட்டது. புலால் மறுத்தலும் கொல்லாமையும் இல்லறவியலில் இல்லை, துறவறவியலில் இருக்கின்றன. இல்லறத்தான் விரும்பியவாறு உண்ணலாம் என்பது இதன் பொருளாகாது. ஆயினும் வைப்பு முறையில் ஒரு நுட்பம் உண்டு. துறவறவியலின் முதல் அதிகாரம் அருளுடைமை. அதனை அடுத்ததே புலால் மறுத்தல். முதலில் அருள், அதன் பின்னரே இலை. நமது மண்டபத்திலே அம்முறை தலைகீழாகிவிட்டது. இலையைப் பற்றிப் பேசிய இடத்திலே அருளை மறந்தோம்.

காந்தியடிகள் கதையின் பிற்பகுதியும் நினைவுக்கு வந்தது. 1931ஆம் ஆண்டு நவம்பரிலே அவர் இலண்டன் மரக்கறி உணவுச் சங்கத்திலே உரையாற்றினார். முதுமை எய்திய ஹென்றி சால்ட்டும் அக்கூட்டத்திலே இருந்தார். அங்கே காந்தியடிகள் மரக்கறி உணவினரைப் புகழவில்லை. உடல்நலத்தை மாத்திரம் காரணமாகக் கொண்டவர் நிலைத்து நிற்கமாட்டார், அறமே அதற்கு அடிப்படையாக வேண்டும் என்றார். அதனோடு, பிறரை இவ்வழிக்கு அழைக்க விரும்புவோருக்குப் பொறுமையும் பணிவும் வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். நமது பேச்சாளர் சொல்லாது விட்ட பகுதி இதுவே. நாமும் நன்றியுரையில் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் புறப்பட்டோம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலோரமான எழுவான்கரையையும் வயல் சூழ்ந்த படுவான்கரையையும் அதுவே பிரிக்கின்றது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன் அவ்விடத்திலே ‘பாதை’ என்று நம்மவர் வழங்கும் மிதவையிலே ஏறித்தான் அக்கரை செல்லவேண்டும். இப்பொழுது சில நிமிடங்களிற் கடந்துவிடலாம். கடக்கும்போது தெற்கேயும் வடக்கேயும் கண்டல் மரங்கள் கரை காத்து நின்றன. இரண்டொரு தோணிகள் அசையாது கிடந்தன. அவற்றுள் ஒன்றிலே நமது மாணவன் இருக்கக்கூடும் என்று எண்ணியபோது நெஞ்சு கனத்தது.

வீட்டு முற்றத்திலே தகப்பனார் வலை பொத்திக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து, “வாங்க சேர், இரிங்க” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். மாணவன் வெளியே வரவில்லை. சிறிது நேரத்தில் அவனுடைய தாயார் தேநீரோடு வந்தார். கோப்பை புதியதாய் இருந்தது. நாம் அதனைப் பார்ப்பதைக் கண்டு, “மச்சம் படாத கோப்பை, சேர். அம்மன் சடங்குக்கு எடுக்கிற சாமானோட வைச்சிருந்தது. பயப்படாமக் குடியுங்க” என்றார்.

வாசக நேயர்களே, அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியபொழுது நமக்கு நேர்ந்த வெட்கத்தை எழுத்திலே வடிக்க இயலாது. அவர் பிள்ளையை ஒரு மண்டபமே பார்த்துச் சிரித்தபோது வாய் திறவாதிருந்த ஒருவருக்கு, அவருடைய நோன்பு கெடக்கூடாதென்று தனிக் கோப்பை எடுத்து வைக்கிறார் அத்தாய். நமது உணவை அவர்கள் மதித்த அளவிலே பத்தில் ஒரு பங்குகூட அவர்களுடைய தொழிலை நாம் மதித்தோமில்லை.

தகப்பனார் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. வைகாசியிலே கண்ணகை அம்மன் கோயில் திறந்து குளிர்த்தி முடியும்வரை அவ்வூரிலே எவர் வீட்டிலும் மச்சம் சமைப்பதில்லை என்றார். அந்நாள்களிலே வலை உத்தரத்திலே தொங்குமாம். சினை நண்டு வலையிற் பட்டால் திரும்பவும் நீரிலே விட்டுவிடுவதும், சட்டம் தடுத்த தங்கூசி வலையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாததும் தம் தந்தை காலத்திலிருந்து வரும் வழக்கங்களின் தொடர்ச்சி என்றார். “குஞ்சையும் அள்ளினா நாளைக்கு வாவியில என்ன இரிக்கும், சேர்?” என்று கேட்டார். அருளும் அளவும் கலந்த அந்தக் கேள்விக்கு நமது பாடநூல்களிலே தனி அதிகாரம் இல்லை.

பின்பு சிறிது தயங்கி, “ஒண்டு கேட்டாக் கோவிக்கப்படாது, சேர். உங்கட வீட்டில பசு இரிக்காமெண்டு மகன் சொன்னவன். காளைக்கண்டு பிறந்தா நீங்க என்ன செய்யிற?” என்றார்.

நாம் விடை சொல்லவில்லை. அவரும் மீண்டும் கேட்கவில்லை. வலையைப் பொத்தத் தொடங்கினார். ஆனால் அக்கேள்வி பாலத்தைக் கடந்து நம்மோடு வீடு வரைக்கும் வந்தது.

விடை இதுதான். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே புண்ணாக்கின் விலை ஏறியபோது, பால் வற்றிய நமது பசு ஒன்றையும் அதன் காளைக்கன்றையும் விற்றோம். வாங்க வந்தவர் ஒரு தரகர். “எங்கே கொண்டு போகிறார்கள்?” என்று இல்லாள் கேட்டார். “ஏதோ ஒரு பண்ணைக்காம்” என்று நாம் சொன்னோம். தரகரிடம் நாம் கேட்கவேயில்லை. கேட்டால் விடை கிடைத்துவிடும் என்ற அச்சத்தினாலேயே கேட்கவில்லை. பிள்ளைகள் அழுதார்கள்; நாம் காசை எண்ணினோம். அப்பசு எட்டு ஆண்டுகள் நமக்குப் பால் தந்தது. நம் இலையிலே என்றும் புலால் விழுந்ததில்லை என்பது உண்மையே. வேறு எங்கோ ஓர் இலையிலே அது விழுந்திருக்கலாம் என்பதும் உண்மையே.

பாலைப் பற்றிய இந்தக் கேள்வி புதியதன்று. கறவை மாடுகளுக்குச் செய்யும் கொடுமைகளை அறிந்த காந்தியடிகள் 1912இல் பாலையே துறந்தார். பின்னர் கடும் நோயுற்றபோது, வைத்தியரும் துணைவியாரும் வேண்ட, ஆட்டுப்பாலை ஏற்றார். ஆயினும் விரதத்தின் எழுத்தைக் காத்தேனேயன்றி உட்பொருளைக் காக்கவில்லை என்று தம் சுயசரிதையிலே வருந்தினார். 1944இல் இங்கிலாந்திலே மரக்கறி உணவினர் சிலர் பாலையும் முட்டையையும் விலக்கித் தனிச் சங்கம் கண்டதும் இக்கேள்வியினாலேயே. பால் குடிக்கும் எல்லோரும் குற்றவாளிகள் என்று சொல்ல நாம் வரவில்லை. மீன் தின்பவனைப் பார்த்து விரல் நீட்டும் நமது கையிலே பால் செம்பும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுகின்றோம்.

இரண்டாம் சொற்பொழிவை நிறுத்திவிடலாமா என்று முதலில் எண்ணினோம். பின்பு நிறுத்துவது கோழைத்தனம் என்று கண்டு, இம்முறை மிருக வைத்தியராகிய ஓர் அம்மையாரை அழைத்தோம். அழைப்போடு, நடந்தது அனைத்தையும் ஒளியாது எழுதினோம். மாணவன் வீட்டுக்கு மீண்டும் சென்று, “கூட்டத்துக்கு மட்டும் வா; அதன் பின்பு உன் விருப்பம்” என்றோம். அவன் வருவதாகச் சொல்லவில்லை. ஆனால் வந்தான், அதே மூன்றாம் வரிசையிலே அமர்ந்தான்.

கூட்டம் தொடங்குமுன் நாம் எழுந்து, சென்ற கூட்டத்திலே ஒரு மாணவனின் தந்தையாருடைய தொழிலை இழிவு செய்த சொல் ஒன்று பேசப்பட்டதென்றும், அதனைத் தடுக்காதது தலைமை வகித்த நமது குற்றமென்றும், அதற்காக வருந்துகின்றோமென்றும் சொன்னோம். ஆசிரியர் மாணவரிடம் மன்னிப்புக் கேட்பது நமது கல்லூரிகளிலே அரிது. சிலர் வியப்போடு பார்த்தனர். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மையார் உணவைப் பற்றித் தொடங்கவில்லை. “விலங்குக்குப் பேசத் தெரியுமா, சிந்திக்கத் தெரியுமா என்பதன்று கேள்வி, அதற்கு நோகுமா என்பதே கேள்வி” என்று பெந்தம் என்னும் ஆங்கில அறிஞர் 1789இல் வெளிவந்த தம் நூலிலே எழுப்பிய வினாவிலிருந்து தொடங்கினார். காந்தியடிகளைக் கவர்ந்த அதே சால்ட் 1892இல் விலங்குகளின் உரிமை பற்றித் தனி நூல் எழுதியதையும், 1975இல் பீற்றர் சிங்கர் எழுதிய நூல் உலகெங்கும் அவ்விவாதத்தைப் புதுப்பித்ததையும் சொன்னார். பரதக் கலைக்குப் புத்துயிர் தந்த உருக்மிணிதேவி அம்மையார், 1952இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானபின் விலங்குவதைத் தடுப்புக்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்து வாதாடியதனால் 1960இல் அந்நாட்டிலே அதற்கெனச் சட்டம் பிறந்ததை அறிந்து பெண் மாணவிகள் மகிழ்ந்தனர்.

நமது நாட்டிலோ, விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இலேயே பிறந்துவிட்டது. குற்றவாளிக்கு அது விதித்த தண்டப்பணம் உயர்ந்த அளவு 100 ரூபா. அக்காலத்திலே அது பெருந்தொகை. நூறு ஆண்டுகள் கடந்த பின்பும் அத்தொகை மாறாதிருந்தது என்று அம்மையார் சொன்னபோது மாணவர் சிரித்தனர். “ஒரு பால் தேநீரின் விலைக்கும் கொடுமையின் விலைக்கும் பெரிய வேறுபாடு இல்லாமற் போயிற்று” என்றார் அவர். ஆலயங்களிலே உயிர்ப்பலி கொடுப்பதை 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் தடை செய்ததையும் எடுத்துக் காட்டி, நாவலர் காலத்துக் குரலுக்கு நீதிமன்றத்திலே விடை வர நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்றார்.

படுவான்கரையின் எல்லைக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “எங்கட வயலையும் வீட்டையும் அழிக்கிற யானைக்கும் உரிமை இரிக்கா, மிஸ்?” என்று கேட்டாள். மண்டபம் அமைதியாயிற்று. அப்பகுதியில் யானையால் உயிரிழந்தவர் இல்லாத ஊர் குறைவு.

அம்மையார் உடனே விடை சொல்லவில்லை. காடு துண்டாடப்பட்டதும் யானையின் வழித்தடங்களிலே குடியேற்றங்கள் எழுந்ததும் அந்த மாணவியின் குற்றமன்று என்றார். யானையின் குற்றமுமன்று என்றார். 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலே 470க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன; யானையால் மாண்ட மனிதரும் நூற்றைக் கடந்தனர். பூசணி முதலிய தீனிக்குள்ளே வெடிமருந்தை மறைத்து வைக்கும் வாய்வெடியினாலே தாடை சிதறிய யானை, உண்ணவும் நீர் அருந்தவும் இயலாமற் பல நாள் துடித்தே சாகும் என்பதை அவர் விளக்கினார். அதே வெடியிலே மாடும் சிக்கும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலே சித்தாண்டியிற் போராட்டம் தொடங்கியபோது, தம் மாடுகள் கொல்லப்படுவதும் அவர்களுடைய முறைப்பாடுகளுள் ஒன்றாய் இருந்தது. “மகளே, உங்கள் வயலை விட்டுக்கொடுத்து யானையின் பக்கம் நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெடியின் பக்கம் நில்லாதீர்கள் என்றே சொல்லுகிறேன். காவலும் நட்ட ஈடும் அரசிடம் கேட்டுப் பெறவேண்டியவை” என்றார்.

உணவைப் பற்றி ஈற்றிலே சில சொற்களே சொன்னார். மரக்கறி உணவு நல்லுணவு. முறையாக உண்டால் உடலுக்குக் குறைவு இல்லை. 100 கிராம் குரக்கனிலே ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பசும்பாலிலே ஏறத்தாழ 120 மில்லிகிராம்தான். பயறும் கடலையும் முருங்கையிலையும் ஏழைக்கும் எட்டுவன. ஆனால் பீ 12 என்னும் உயிர்ச்சத்து மரக்கறிகளிலே இல்லை. பாலையும் முட்டையையும்கூட விலக்குவோர் அதனை மாத்திரையாகவேனும் கொள்ளவேண்டும். மரக்கறி எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்வது விளம்பரமேயன்றி வைத்தியம் அன்று. வள்ளலாரே பசி தீர்த்தலைத்தான் சீவகாருண்யத்தின் முதற்படியாக வைத்தார். ஆகவே பசித்திருக்கும் பிள்ளையின் கோப்பையிலே கிடக்கும் நெத்தலியை எண்ணிப் பார்க்கும் உரிமை வயிறு நிறைந்தவருக்கு இல்லை என்றார். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் வேலிக்கு வேலி அடுத்துள்ள நமது கரையிலே, அயலவர் உணவைப் பழிப்பதற்கு விலங்கின் பெயரை ஆயுதமாக்குவது விலங்குக்கும் நன்மை தராது என்று அவர் சொன்னதை நாமும் வழிமொழிந்தோம்.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது நமது மாணவன் அம்மையாரிடம் சென்றான். “மிஸ், நண்டுக்கு நோகுமா?” என்று கேட்டான்.

“நோகும் என்றே இப்பொழுது கருதுகிறார்கள்” என்றார் அவர். நண்டு, இறால், கணவாய் முதலியவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பின்பு, அவையும் நோவை உணர்வன என்று ஏற்றுப் பிரித்தானியா 2022இல் சட்டம் இயற்றியதை எடுத்துச் சொன்னார். “பிடிக்காதே என்று உன் அப்பாவிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. உயிரோடு கொதிநீரிலே போடாதீர்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லுவாயா?”

அவன் சிறிது நேரம் யோசித்தான். “சொல்லிப் பாக்கிறன்” என்றான்.

திங்கட்கிழமை அவன் வகுப்பிலே இருந்தான். எப்படி மனம் மாறினாய் என்று நாம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒரு மாதத்தின் பின்பு, பயிற்சிக் கொப்பியைத் தரும்பொழுது மெல்ல, “சேர், அம்மா இப்ப நண்டை உயிரோட சட்டியில போடுறல்ல” என்றான். பிறகு, “அப்பா உங்கட கண்டைப் பற்றிக் கேட்டவர்” என்று கூட்டிச் சொன்னான்.

சொல்லத்தக்க ஒரு விடை இப்பொழுது நம்மிடம் இருந்தது. நமது மற்றப் பசு சென்ற தையிலே ஈன்றது காளைக்கன்று. அதனை விற்பதில்லை என்று வீட்டிலே முடிவு செய்துள்ளோம். நான்கு முலைக்காம்புகளில் இரண்டினைக் கன்றுக்கென்று விட்டுவிடுகின்றோம். ஆகவே பால் குறைந்துவிட்டது, காலையிலே வெறுந்தேநீர்தான். காளையை முதுமைவரை வைத்துக் காப்பாற்றும் வசதி நமக்கு இருக்குமோ என்பது இன்னும் தெளியவில்லை. தீனிக் கணக்கைப் பார்க்கும்போது இல்லாள் ஒன்றும் பேசாமல் நமது முகத்தையே பார்க்கிறார். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்திலே பறங்கியர் முன்னே கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது நம் கரையின் பழங்கதை. கல் நந்திக்கு ஒருநாட் புல் போதுமாயிருந்தது. நமது கொட்டிலிலே நிற்பதற்கோ நாள்தோறும் வேண்டும்.

அவ்விளைஞன் மீன் உண்பதை விடவில்லை. நாமும் பாலை முற்றாக விடவில்லை. இருவரும் முன்பு கேளாத ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம், அவ்வளவே. இனி விருந்தினரைக் கல்லடிப் பாலத்துக்கு அழைத்துச் செல்லும்பொழுது பாட்டையும் பாடகனையும் சேர்த்துப் பேசிக் கேலி செய்ய நமக்கு நா எழாது. கேலிக்குப் பதிலாக, அக்கரையிலே ஒரு வீட்டில் மச்சம் படாத கோப்பை ஒன்று நமக்கென்று எடுத்து வைக்கப்பட்டிருப்பதைச் சொல்ல எண்ணியிருக்கின்றோம்.